எண்ணெய் கேட்கும் விசிறி

மேசைக் கணிப்பொறிக்குள் நகரும் உறுப்புகள் மிகக் குறைவு. வன்தட்டு சுழலும், குறுந்தகட்டு இயக்கி எப்போதாவது சுழலும், மற்றபடி விசிறிகள். மீதியெல்லாம் கிடந்த இடத்தில் கிடந்து வேலை செய்பவை. ஆகவே பெட்டியிலிருந்து புதிதாக ஓர் ஓசை கிளம்பினால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு மூன்றுதாம். அவற்றுள் முதலில் மாட்டுவது பெரும்பாலும் மின்வழங்கியின் விசிறி. மின்வழங்கி என்று நான் எழுதினாலும் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடைக்காரரும் பழுது பார்ப்பவரும் பள்ளிக்கூடப் பையனும் எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

நான் சொல்ல வந்த எஸ்.எம்.பி.எஸ். வெம்பாக்கத்தில், என் அக்கா வீட்டில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கில், செய்யாறு பக்கத்து ஊர். ஆரணியும் காஞ்சிபுரமும் எட்டும் தூரத்தில் இருப்பதால் பட்டு இந்த வட்டாரத்தின் பேச்சிலும் கடனிலும் கலந்திருக்கிறது. அக்கா குழித்தறியில் நெய்பவள். மாமா முன்பு நெய்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் கட்டக் காகிதத்தில் கரையும் முந்தியும் வரையக் கற்று, 2003 முதல் அதையே கணிப்பொறியில் செய்துவருகிறார். கோயில் கரை, ருத்ராட்சம், அன்னம், யாளி, புட்டா வகைகள். வரைந்ததை ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையாகத் துளையிட்டுக் கோத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்த அட்டையைப் படிக்கும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவிழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது.

போன ஆடியில் நான் போயிருந்தபோது, காலையில் கணிப்பொறியைப் போட்டவுடன் கறகறவென்று ஓர் ஓசை. பத்து நிமிடத்தில் தானாகவே அடங்கியது. மறுநாளும் அப்படியே. மாமாதான் முதலில் சொன்னார்.

"எண்ணெ கேக்குதுப்பா. வேற ஒண்ணும் இல்ல. காத்தால மட்டும் கத்துது பாரு."

தறியின் நடுவில் முப்பது வருடம் உட்கார்ந்தவருக்கு ஓசையைப் பிரித்துக் கேட்பது ஒரு பழக்கம். எந்த மிதி வறண்டிருக்கிறது, எந்தக் கொக்கி சரியாக விழவில்லை என்பதை அடுத்த அறையிலிருந்தே சொல்வார். இயந்திரவியலும் அவர் பக்கமே. இத்தகைய விசிறிகளில் மலிவானவற்றின் அச்சு ஒரு சிறிய வெண்கலக் குழலுக்குள் சுழல்கிறது. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த குழல் அது. அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சூட்டில் அது வருடக்கணக்கில் மெல்ல வற்றும், தூசியோடு சேர்ந்து பிசினாகும். ஆறிக் கிடக்கும்போது பிசின் இறுகியிருக்கும். சற்றுச் சூடானதும் இளகிவிடும். காலையில் கத்திவிட்டுப் பிறகு அடங்குவதற்கு அதுவே காரணம். நிமிடத்துக்கு 2,000 சுற்றென்று குறைத்துக் கணக்கிட்டாலும் எட்டு மணி நேரத்தில் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் சுற்றுகள். இவ்வளவு வருடம் ஓடியதே பெரிது.

எண்ணெய் கேட்கும் விசிறி கொஞ்ச நாளில் கத்துவதை நிறுத்திவிடும். அது குணமானதென்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. சுழல்வதும் நின்றிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். விசிறி தன் பெட்டியை மட்டும் ஆற்றுவதில்லை. இது போன்ற பழைய கணிப்பொறிகளில் மொத்தப் பெட்டியின் சூட்டையும் வெளியே தள்ளும் வேலை அதனுடையது. அது நின்றால் மின்தேக்கிகள் உப்பும், மின்னழுத்தம் ஏறி இறங்கும், சில சமயம் வன்தட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

வன்தட்டு போனால் என்ன போகும் என்பதுதான் அந்த வீட்டில் பேச்சு. இருபது வருடத்துக் கரைகள் அதில் இருக்கின்றன. சில, யாரோ பாட்டியின் கூறைப்புடவையை ஒரு நாள் இரவல் வாங்கிக் கட்டம் கட்டமாக எண்ணி எடுத்தவை. அந்தப் புடவைகள் பலவும் சரிகைக்காக உருக்கப்பட்டுவிட்டன. காகிதப் படிகளைக் கரையான் தின்றது. கோப்புகளைக் குறுந்தகட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். ஆனால் அவற்றைத் திறக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில், அச்சுப்பொறித் துளையில் செருகிய ஒரு பூட்டுக் கட்டை இருந்தால் மட்டுமே ஓடும். அந்தத் துளை கொண்ட புதிய கணிப்பொறி கடையில் எளிதில் கிடைப்பதில்லை. படமாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். நெசவுக் கட்டும் அட்டைக் கணக்கும் படத்தில் வருவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் காப்புரிமை பெற்ற அட்டை முறையைத்தான் 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் இது என்னவென்று கேட்பாராம். செதுக்கி அச்சிட்ட படம் என்றே அவர்கள் சொல்வார்களாம். மாமாவிடம் இதைச் சொன்னேன். தறி பெற்ற பிள்ளை கணிப்பொறி என்ற என் பெருமிதம் அவரைத் தொடவில்லை. "இருபத்தி நாலாயிரம் அட்டையா? அடிச்சவனுக்குக் கூலி யாருப்பா குடுத்தாங்க?" என்றார்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடச் சொன்னார், அவர் வழக்கமாகப் போகும் கடைக்காரர். பொதுவாக நல்ல யோசனைதான். இந்தக் கணிப்பொறிக்குப் பொருந்தவில்லை. அந்தக் காலத்துத் தாய்ப்பலகைகளில் பல 5 வோல்ட் கம்பியிலிருந்தே அதிகம் இழுத்துக்கொள்ளும். பின்னர் வந்த எஸ்.எம்.பி.எஸ்.கள் 12 வோல்ட்டில் பலசாலிகள், 5 வோல்ட்டில் மெலிந்தவை. தவிரவும் மலிவு விலையில் கிடைப்பவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தாலே உள்ளே எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்பது தெரிந்துவிடும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைக்கலாமே என்றான் அக்கா மகன். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் நடக்கும் வைத்தியம். தறி இருக்கும் அறையில் அது ஆகாது. காற்றில் பட்டுப் பிசிறு பறக்கிறது. அதோடு சரிகைத் துணுக்கும். பட்டு வெறும் தூசி. சரிகை உலோகம், மின்சாரம் பாயும்.

விசிறியே இல்லாமல் ஒரு கணிப்பொறி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1977இல் வந்த ஆப்பிள் 2க்கு ராட் ஹோல்ட் சூடு குறைந்த, எடை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வடிவமைத்துக் கொடுத்ததால் அதில் பிடிவாதம் பலித்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3இல் பலிக்கவில்லை. கோளாறுகள் பெருகின, சில்லுகள் இருக்கையிலிருந்து தளர்ந்தன, கணிப்பொறியைச் சில அங்குலம் தூக்கி மேசைமீது போடுங்கள் என்று வாங்கியவர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. எனக்கென்னவோ கொஞ்சம் ஓசையிடும் விசிறியே மேல் என்று படுகிறது.

பழுது பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறப்பதில் ஆபத்து உண்டு. நம் 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு வருகிறது. பெரிய மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடத்தை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் விடாது. முந்தின இரவே உருவிவிட்டோம். காலையில் திறந்து, அளவுமானியை வைத்து ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகே விரலை உள்ளே விட்டேன். இந்த வேலையில் அனுபவம் இல்லாதவர்கள் அந்த மூடியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உள்ளே ஒரு சின்னப் பஞ்சுத் தலையணை இருந்தது. வெளிர்சிவப்பு, கிளிப்பச்சை, அரக்கு. எந்தெந்த வருடம் எந்தப் புடவை நெய்தாள் என்று அக்கா அதைப் பிரித்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள். இடுக்கி கொண்டு மூன்று சரிகைத் துணுக்குகளை எடுத்தேன். ஒன்று மின்தேக்கியின் காலுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் கிடந்தது.

விசிறி 80 மில்லிமீட்டர். நான்கு திருகுகள், இரண்டு கம்பிகள். நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டைப் பாதி உரித்தால் கீழே ரப்பர் மூடி. அதற்குக் கீழே அச்சின் நுனி, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையம். பழைய பிசினைப் பஞ்சால் ஒற்றி எடுத்தோம். அக்கா தேங்காய் எண்ணெய் கிண்ணத்தோடு வந்தாள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும்; மார்கழிக் காலையில் விசிறி சுற்றாது. தாவர எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டே துளி. மாமாவின் கைதான் விட்டது. நான் விட்டால் அதிகமாகும் என்பது அவர் கருத்து. விரலால் சுழற்றி, எண்ணெய் இறங்கக் காத்திருந்து, துடைத்து, சீட்டை ஒட்டினோம். ஈரத்தில் அது ஒட்டாது. அதன் மேல் ஒரு துண்டு டேப். அச்சு குழலுக்குள் சற்றே ஆடியது. குழல் தேய்ந்திருக்கிறது. இந்த எண்ணெய் சில மாதங்களுக்கு வரும். அதற்குள் குண்டு தாங்கி கொண்ட 12 வோல்ட் விசிறி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவரச் சீட்டில் குறித்துக்கொண்டேன்.

பெட்டியை மூடி, மாட்டி, போட்டோம். காற்று போகும் ஓசை மட்டும் வந்தது. அக்கா மகன் கைதட்டினான். மாமா கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். தலையைப் பெட்டிப் பக்கம் சாய்த்து, ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். யாளிக் கரை. திரையில் அது வருவதற்குள் உள்ளே டிக், டிக் என்று இரண்டு முறை கேட்டது. இன்னொரு கோப்பு. மறுபடியும் டிக்.

"இது எண்ணெ கேக்கல" என்றார்.

வன்தட்டு. எத்தனை மாதமாக அப்படித் தட்டிக்கொண்டிருந்ததோ, விசிறியின் கறகறப்பில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அதில் எண்ணெய் விட இடமில்லை. வீட்டில் திறக்கவே கூடாத பொருள். கணிப்பொறியை அப்போதே அணைத்தோம். அன்றே பேருந்து ஏறிச் சென்னை வந்து, திங்கட்கிழமை ரிச்சி தெருவில் விசிறியோடு பழைய வகை 40 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றையும் தேடி வாங்கிக்கொண்டு இரவே திரும்பினேன். பூட்டு துளையில் இருப்பதால் தட்டை அப்படியே நகலெடுத்தால் மென்பொருள் மறுக்காது என்பது என் நம்பிக்கை. நகல் ஓடத் தொடங்கியபோது மணி பத்தரை. மாமா பாயைக் கணிப்பொறி மேசைக்குக் கீழேயே போட்டுக்கொண்டார். விளக்கை அணைக்கச் சொல்லி அக்கா இரண்டு முறை குரல் கொடுத்தாள். இரண்டு இடத்தில் படிக்க முடியாமல் நின்று, தாண்டிப் போயிற்று. விடியற்காலை முடிந்தது. புதிய தட்டிலிருந்து எல்லாம் திறந்தன, ஒரே ஒரு மயில் முந்தியைத் தவிர. அதன் அட்டைக்கட்டு முள்ளிப்பட்டில் ஒரு தறியில் இன்னும் தொங்குகிறதாம். மாமா குளித்துவிட்டு அதை எண்ணி எடுத்துவரக் கிளம்பினார்.