படுக்கையில் படுக்காத பிள்ளைக்குக் காப்பீடு

எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு வழங்கும் குழு மருத்துவக் காப்பீட்டின் விதிமுறைகளை வரிவிடாமல் வாசித்திருக்கிறேன். எங்கு தொட்டாலும் அது ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்: குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஏழு வயது. அல்லாஹ்வின் கிருபையால் அவன் இதுவரை ஓர் இரவுகூட மருத்துவமனைப் படுக்கையில் கழித்ததில்லை. ஆனால் அவனுக்கான செலவு நின்ற மாதமும் இல்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வாரம் இருமுறை கும்பகோணம் செல்கிறோம். மீன்சுருட்டி தாண்டி அணைக்கரை வந்ததும் அவன் சன்னலோரம் இருந்தாக வேண்டும். கொள்ளிடத்து மதகுகளை எண்ணுவான். எண்ணி முடிவதற்குள் எவரேனும் பேச்சுக் கொடுத்தால் அழுகைதான். ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மாதம் 8,000. கையில் 3 லட்சம் ரூபாய்க்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் ஒரு ரூபாயும் இந்த 8,000 பக்கம் வராது. ரசீதுகளை இணைத்து விண்ணப்பித்தபோது, புறநோயாளிச் செலவு ஏற்கப்படாது என ஒற்றை வரியில் பதில் வந்தது. மனிதவளப் பிரிவு நண்பரிடம் கேட்டேன். "அட்மிட் ஆனாத்தான் கிளைம், பாய்" என்றார். அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. விபத்து, மாரடைப்பு, அறுவை என்று திடீரென இறங்கும் துன்பத்துக்காக எழுந்த ஏற்பாடு இது. ஆட்டிசமோ திடீரென வருவதில்லை, குணமாகி விடைபெறுவதுமில்லை. அது மூளை வளர்ச்சியின் வேறொரு போக்கு. அதற்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் பொறுமையான பயிற்சி.

சட்டம் மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் அதனைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. 2023 பிப்ரவரியில், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு திட்டத்தையேனும் ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் வழங்க வேண்டும் எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. இவையனைத்தும் பிள்ளையை வாசலுக்குள் அனுமதிக்கின்றன. பயிற்சிக் கட்டணத்தைத் தரச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2001இல் இந்தியானா மாநிலம் ஆட்டிசத்துக்கான சிகிச்சையைக் காப்பீடு ஏற்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. 2019க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய விதி வந்துவிட்டது. பெற்றோர் மாநிலம் மாநிலமாகப் போராடிப் பெற்றது அது.

இங்கே இப்போதே இருப்பதையும் நம்மில் பலர் அறியவில்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ.யில் இருக்கும் சகோதரர்கள் கவனிக்கவும்: உடல் அல்லது மனக் குறைபாட்டால் முற்றிலும் உங்களையே சார்ந்திருக்கும் பிள்ளை, அக்குறைபாடு நீடிக்கும் வரை உங்கள் குடும்பத்தினராகவே கருதப்படுவார். வயது வந்துவிட்டது என்று பெயரை நீக்க விடாதீர்கள்.

மற்றொன்று, நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றோர்க்கு 500. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். டிரஸ்டில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியே சேரலாம். புறநோயாளிச் செலவும் பயிற்சியும் இதில் அடங்கும் என்பதுதான் முக்கியம். பயிற்சிக்கென ஓர் உள்வரம்பு உண்டு. அது என் ஆண்டுச் செலவுக்குப் போதாது. இருப்பினும், படுக்கையைக் கேட்காத ஒரு காப்பீட்டை நான் முதன்முதலில் கண்டது இதில்தான்.

"இன்சூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா?" என்ற கேள்வி எழும், எழ வேண்டியதும்தான். 1985இல் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலானது கூடும் என்று தீர்மானித்தது. நான் ஆலிம் அல்லன். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆலிமிடம் கேட்கும்போது முழுவதையும் எடுத்துரைத்துக் கேளுங்கள். பிரீமியத்தை யார் கட்டுகிறார், வேலையோடு தானாக வருகிறதா, அரசின் உதவித் திட்டமா, நாமாக விரும்பி வாங்குவதா? கேள்வி பாதியாக இருந்தால் பதிலும் பாதியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதய அறுவைக்கு உதவி கேட்டு ஒருவர் வந்தால் நம் பைத்துல்மால்கள் அன்றே முடிவெடுக்கின்றன. மாதந்தோறும் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத தாய் வந்தால், "பிள்ளை நல்லாத்தானே இருக்கான்?" என்கிறோம். நாமும் காப்பீட்டு நிறுவனத்தைப் போலவே படுக்கையைத் தேடுகிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம்தானா என்று பார்க்கட்டும். பிள்ளை படுத்திருக்கிறானா என்று ஏன் பார்க்க வேண்டும்?

குழுக் காப்பீடு என்பது முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். ஆண்டுதோறும் புதுப்பிக்கையில், கூடுதல் பிரீமியத்துக்குப் புறநோயாளிப் பயிற்சிகளைச் சேர்க்குமாறு நிறுவனம் கேட்கலாம். ஒரு தந்தை கேட்டால் அது சலுகை. நால்வர் கேட்டால் கோரிக்கை. எங்கள் அலுவலகத்தில் இத்தகைய பிள்ளைகளின் தந்தையர் நால்வர் இருக்கிறோம். புதுப்பிப்பு ஏப்ரலில். கடிதம் ஆயத்தமாகிவிட்டது, மூவர் கையெழுத்திட்டுவிட்டோம். நான்காமவர் தம் மகளைப் பற்றி அலுவலகத்தில் இதுவரை எவரிடமும் வாய்திறந்ததில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்.