ஃபோகோ தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு



நியூஃபவுண்ட்லாந்தின் ஃபேர்வெல் துறையில் ஃபோகோ தீவுப் படகுக்கு முன்பதிவு கிடையாது. முதலில் வந்த வண்டி முதலில் ஏறும், அவ்வளவுதான். மூடுபனி இறங்கினால் வரிசை அப்படியே நிற்கிறது. யாரும் ஹாரன் அடிப்பதில்லை, யாரும் சண்டைக்குப் போவதில்லை. இந்த அமைதிதான் பொறுமையை அதிகம் சோதிக்கிறது. ஒரே ஆறுதல், நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களும் நம்மைப் போல அரை மணிக் கணக்குக்காரர்கள். கோடையில் நமக்குச் சரியாக எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். கைக்கடிகாரத்தின் நிமிட முள்ளைத் தொடவே வேண்டாம்.

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் இந்தத் தீவுக்கு 2008 முதல் ஓவியர்களும் சிற்பிகளும் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். இங்கேயே பிறந்து, ஒளியிழைத் தொழிலில் பெரும் பணம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஜீட்டா காப், சகோதரர்களோடு தொடங்கிய ஷோர்ஃபாஸ்ட் அறக்கட்டளையின் ஏற்பாடு இது. கட்டடக் கலைஞர் டாட் சாண்டர்ஸ் கட்டிய ஸ்டுடியோக்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: பாறைமேல் கறுப்பாக நீண்டு கிடக்கும் லாங் ஸ்டுடியோ, கடலோரம் ஒருக்களித்து நிற்கும் வெள்ளை ஸ்குவிஷ். அங்கே வசதிகள் எளியவை என்பது படத்தில் தெரியாது. மின்சாரத்துக்குச் சூரியத் தகடு, குளிருக்கு விறகடுப்பு. தங்குவது மட்டும் கிராமத்துக்குள்ளே, மீனவர் வீடுகளுக்கு நடுவே பழைய மரவீடுகளில். அப்படித் திட்டமிட்டவர் கெட்டிக்காரர்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. பெர்லினிலிருந்து வந்திருக்கும் ஓவியர், மெக்சிகோ சிற்பி, இந்தக் கடிதத்தை எழுதுகிறவர் என மூன்று பேர் போய் உட்கார்ந்தாயிற்று. சமையல், ‘ஃபிஷ் அண்டு ப்ரூஸ்’. உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார் வீட்டு அம்மா. இன்னொரு பாத்திரத்தில் ஹார்ட் பிரெட் ஊறிக்கொண்டிருந்தது. கப்பல் பயணத்துக்கென்றே பிறந்த ரொட்டி. ஊறாமல் கடித்தால் பல்தான் போகும். மீனை வேகவைத்து முள் ஆய்ந்தார். ரொட்டியைக் குழையவிடாமல் சூடாக்கி, நீரை ஒட்ட வடித்தார். கடைசியில், சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிய உப்புப் பன்றிக் கொழுப்பை வாணலியில் வறுத்து, சிவந்து மொறுமொறுவென்று வந்ததும் உருகிய கொழுப்போடு தட்டின் மேல் ஊற்றினார். அந்தச் சர்ரென்ற சத்தம் வரை எல்லாம் நம் வீட்டுத் தாளிப்புதான். கடுகு இல்லை, மிளகாய் இல்லை. மேஜைக் கோடியில் மிளகுப்பொடி இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

முதல் வாயில் உப்பும் கொழுப்பும் மட்டும்தான். போகப் போகத்தான் வெயிலும் காற்றும் பட்ட மீனுக்கே உரிய அந்த அழுத்தமான ருசி நாக்குக்குப் பிடிபட்டது. இரண்டாம் முறையும் தட்டை நீட்டியாயிற்று. சிற்பிக்கோ சாப்பாட்டில் கவனமே இல்லை. ஊறாத ரொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மேஜையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு எடுக்கப் போகிறாராம். “எடுத்தால் யார் வாங்குவார்கள்?” என்று கேட்டார் வீட்டுக்காரர். பெர்லின் ஓவியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கலையால் என்ன பிரயோஜனம் என்று வீட்டுக்காரர் கேட்டதாக நினைத்துவிட வேண்டாம். அடுத்து அவரே 1967ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தீவைக் காலி செய்துவிட்டுப் பெருநிலத்துக்குப் போகச் சொல்லி அரசு நெருக்கிக்கொண்டிருந்த காலம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ வந்து மீனவர்களைப் பேசவிட்டு 27 படங்கள் எடுத்தார். எடுத்ததைத் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார். ஊருக்கு ஊர், சபைக்குச் சபை ஒதுங்கி வாழ்ந்தவர்கள், அடுத்த ஊர்க்காரன் குறையும் தன் குறையும் ஒன்றே என்று திரையில் கண்டார்கள். படங்கள் அரசாங்கத்துக்குப் போயின. அமைச்சரின் பதிலையும் படமாக்கித் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். தீவு காலியாகவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1992இல் காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்த பிறகும் நண்டையும் இறாலையும் வைத்து அந்தச் சங்கம் தாக்குப்பிடித்தது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, கலைஞர்கள் வந்துதான் தீவுக்கு உயிர் வந்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கொடுத்தது பெரும்பாலும் தீவுதான். ஜில்கே ஓட்டோ-க்னாப் இங்கே தங்கியிருந்த ஓவியர். கேன்வாஸில் நீர்வண்ணம் பூசி, தண்ணீர்விட்டுக் கரைத்து, மறுபடி பூசுவது அவர் முறையாக இருந்தது. அந்தச் சாம்பலும் கறுப்புமான கடற்காட்சிகள் புரிய, இங்கே ஜன்னலோரம் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

ஒரு குறை. கலைஞர்களின் படைப்புகளை வைக்கும் கலைக்கூடம் இருப்பது, அதே அறக்கட்டளை 2013இல் திறந்த 29 அறை விடுதிக்குள். ஓர் இரவு வாடகை ஆயிரம் டாலருக்கு மேல். மிஞ்சும் பணம் தீவுக்கே திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ரப்பர் பூட்ஸோடு அந்த வாசலில் நுழையக் கூச்சமாக இருக்காதா? கேட்டதற்கு வீட்டுக்கார அம்மா, “கதவைக் கட்டியதே எங்கள் ஆட்கள்தானே, எங்களுக்கு என்ன கூச்சம்?” என்றார்.

நாளை பிரிம்ஸ்டோன் ஹெட் பாறைமேல் ஏற உத்தேசம். பூமி தட்டை என்று சாதிக்கும் சங்கத்தார் அதை உலகத்தின் நான்கு மூலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். சிற்பியும் வருகிறார், ரொட்டியோடு.