மணலில் வேர்விட்ட வனம்



மணல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, மலைப்பிரசங்கத்தின் முடிவில் ஆண்டவர் சொன்ன உவமையே. கன்மலையின்மேல் கட்டிய வீடு நிலைத்தது. மணலின்மேல் கட்டிய வீடோ வெள்ளத்தில் இடிந்துபோயிற்று. இவ்வுவமையைப் பல ஆண்டுகளாகப் பிரசங்கித்துவரும் எனக்கு, ஏறத்தாழ முழுவதும் மணலாலான ஒரு தீவில் மழைக்காடு ஓங்கி நிற்பதைக் காணும் வாய்ப்பு கிடைத்தது. அதைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையோரத்தில் உள்ள கர்ரி, உலகின் மிகப்பெரிய மணல் தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 1992-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. நெடுங்காலம் ஃப்ரேசர் தீவு என்று வழங்கிய அதற்கு, அம்மண்ணின் பூர்வகுடிகளான புச்சுல்லா மக்கள் இட்ட பெயரே 2023-இல் அதிகாரப்பூர்வமாகத் திரும்பவும் சூட்டப்பட்டது. பரதீசு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுகிறார்கள்.

மணலில் சத்து மிகக் குறைவு. பின் காடு எப்படி வளர்ந்தது? கிழக்குக் கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல அதற்கான விடை கண்முன் விரிகிறது. அலையோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் புல்லும் கொடியும் முதலில் வேர்விடுகின்றன. அவை மடிந்து மக்கியதில் புதர்கள் எழுகின்றன. புதர்கள் உதிர்த்ததில் மரங்கள் எழுகின்றன. தீவின் நடுப்பகுதியிலோ அண்ணாந்து பார்க்கவேண்டிய பெருமரங்கள். வேர்களோடு இணைந்து வாழும் நுண்ணிய பூஞ்சைகள் உதிர்ந்த இலையின் சத்தை மரத்துக்குத் திருப்பித் தருகின்றன. முன்னே இருந்தவை விட்டுச்சென்றதை உண்டே அந்த வனம் வாழ்கிறது.

ஏரிகளின் கதையும் அதுவே. தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள் உண்டு. பூராங்கூரா என்ற ஏரிக்கு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. பெய்யும் மழையே அதன் நீர். மணல் ஏன் அதை உறிஞ்சிவிடவில்லை? பள்ளத்தில் விழுந்த இலைகளும் பட்டைகளும் மக்கி, மணலோடு இறுகி, நீர் கசியாத அடித்தளமாயின. உதிர்ந்துபோனவையே தண்ணீரைத் தாங்குகின்றன.

ஆனால் என் உள்ளத்தை அசைத்தது வேறொன்று. மணல்மேடு பழமையாக ஆக, காடு என்றென்றும் வளர்ந்துகொண்டே போவதில்லை. மிகப் பழைய மேடுகளில் மரங்கள் மீண்டும் குறுகிவிடுகின்றன. காலங்காலமாகப் பெய்த மழை, சத்துகளை வேர்கள் எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிட்டது.

பிரியமானவர்களே, நம்முடைய சபைகளும் வயதானவை. நம் பாட்டன்மாரின் ஜெபங்கள், கண்ணீர், தியாகம் எல்லாம் இந்த மண்ணில்தான் இறங்கியிருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளின் இளவேர்கள் எட்டும் ஆழத்தில் அவை இருக்கின்றனவா? நாம் பெற்ற விசுவாசத்தை நமக்குள்ளே ஆழப் புதைத்துவிட்டு, ஆலய வரலாற்று மலரில் மட்டும் அதைக் காட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தலைமுறை குறுமரமாய் நிற்பதில் வியப்பென்ன?

அதே தீவில் திரியும் டிங்கோ எனும் காட்டுநாய்களுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். கையிலிருந்து உண்டு பழகிய டிங்கோ மனிதருக்கு அஞ்சாது, நாளடைவில் ஆபத்தாகிவிடும். முடிவில் அதன் உயிருக்கே கேடு. ஊட்டிக்கொண்டே இருப்பது வேறு; மண்ணை வளமாக்குவது வேறு. பிள்ளைகளுக்கு ஆயத்த விடைகளை ஊட்டுகிறோம். நம் போராட்டங்களை, சந்தேகத்தின் இரவுகளை, அவற்றில் ஆண்டவர் நம்மைத் தாங்கிய விதத்தை அவர்கள் முன்னே உதிர்க்க மறந்துவிடுகிறோம்.

மணல்மேல் கட்டிய வீட்டைக் குறித்து ஆண்டவர் எச்சரித்தது, அவர் வார்த்தையைக் கேட்டும் செய்யாதவனையே. வறண்ட நிலத்தில் வாழ்வோரை அவர் தள்ளிவிடவில்லை. உங்கள் குடும்பச் சூழல் வெறும் மணலாகத் தோன்றலாம். இன்று நீங்கள் செய்யும் சிறு கீழ்ப்படிதல் மறைந்துபோகாது. அது ஒருவருக்கு மண்ணாகும்.

இந்த வாரம் உங்கள் வீட்டு இளையவர் ஒருவரோடு அமர்ந்து, உங்கள் விசுவாசத்தின் கதையை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். அவர் பேசும்போது பொறுமையாகக் கேளுங்கள். அதற்கான கிருபையை ஆண்டவர் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.