கேட்டுக்கு உள்ளே கோ-கார்ட்

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பழைய பங்களாக்களில் இன்னும் சில ரிச்சர்ட்ஸ் டவுனில் மிஞ்சியிருக்கின்றன. அகலமான கேட், மரநிழல், காம்பவுண்டைச் சுற்றிப் பாதை. ஒரு கோ-கார்ட்டுக்கு இது போதும். ஆனால் அனுமதி?

சட்டம் கேட்டோடு நின்றுவிடுகிறது. அடைப்புள்ள வளாகத்துக்குள் மட்டுமே ஓடுவதற்கென்று அமைந்த வண்டி மோட்டார் வாகனமே அல்ல என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவு எண் வேண்டாம். நிலத்துக்காரர் தலையசைத்தால் போதும். சக்கரம் தெருவைத் தொட்டால் கதையே வேறு. ஓட்டியவன் சிறுவன் என்றால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

தலையசைக்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். பங்களாவுக்கு ஒரே வீட்டுக்காரர். அதை இடித்துவிட்டு எழும் அடுக்குமாடியிலோ சுற்றுப்பாதை எல்லோருக்கும் பொது என்கிறது கர்நாடகத்தின் 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, குடியிருப்போர் சங்கத்திடம் மனு. மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க யார் முன்வருவார்கள்?

சத்தத்துக்கோ காம்பவுண்ட் சுவர் ஒரு பொருட்டல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு விதி. அடுத்த வீட்டுக்காரர் புகார் செய்ய அது போதும்.

1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டி எஞ்சினைப் பொருத்தி முதல் கார்ட்டைச் செய்தபோது, ஓட்டிப் பார்க்க ஸ்டேடியத்தின் காலியான கார் நிறுத்துமிடம் கிடைத்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்படி ஓர் இடம் காலியாக இருந்தால், மறுநாளே அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ஆசை விடாதவர்கள் நகரின் விளிம்பிலுள்ள வாடகைத் தடங்களுக்குப் போகிறார்கள்.