உடைவதற்கென்றே ஓர் ஆணி



டோல்கேட்டில் குடியிருக்கும் உங்களில் பலர் அந்தப் பட்டறையைக் கடந்து சென்றிருப்பீர்கள். மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால், லேத் பட்டறைகளும் டயர்க் கடைகளும் நெருங்கியிருக்கும் ஒரு சந்தின் முனையில், தகரக் கூரையின் கீழ் பச்சை வண்ணத்தில் ஒரு பெரிய வண்டி நிற்கிறது. மூன்று அச்சுகள், பத்து டயர்கள், முதுகில் ஒரு கிரேன், மூக்கின் முன்னே இரும்புக்கயிறு சுற்றிய ஓர் உருளை. பள்ளிப் பிள்ளைகள் அதை 'மிலிட்டரி வண்டி' என்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் 'ரெக்கவரி' என்கிறார்கள். நல்ல தமிழில் சொன்னால் அது மீட்பு வாகனம். மீட்பு என்ற சொல்லை வாரந்தோறும் பிரசங்க பீடத்திலிருந்து உச்சரிக்கும் நான், அதன் பொருளில் ஒரு பகுதியை அந்த வண்டியின் அருகில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சொல்வதற்கு என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டிக்குச் சொந்தக்காரர் நம் சபையின் மூத்தவர்களில் ஒருவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ராணுவத்தின் இ.எம்.இ. படைப்பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். 1943 அக்டோபர் 15 அன்று தொடங்கப்பட்ட அந்தப் படைப்பிரிவின் வேலை, பழுதான பீரங்கிகளையும் வாகனங்களையும் செப்பனிடுவது. சேற்றிலும் மணலிலும் பள்ளத்திலும் சிக்கியவற்றை இழுத்து வெளியேற்றுவது. போர் என்றால் சுடுகிறவர்களை மட்டுமே நினைக்கிறோம். சுடப்பட்ட வண்டியைக் கைவிடாமல் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே பயிற்சி பெற்ற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அவரிடமிருந்தே அறிந்தேன்.

அந்த வண்டி அவரைவிட மூத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட வார்டு லாஃபிரான்ஸ் எம் 1. நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்பு வண்டிகள் செய்துகொண்டிருந்த நிறுவனம், போர் வந்ததும் பத்து டன் வகைக் கனரக மீட்பு வாகனங்களைச் செய்யத் தொடங்கியது. அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனா வரை மலையைக் குடைந்து சாலை அமைத்த காலம் அது. 1945 ஜனவரியில் முதல் வாகன அணி அச்சாலையில் புறப்பட்டது. மழையும் மண்சரிவும் லாரிகளை விழுங்கிய அத்தகைய பாதைகளில் மீட்பு வாகனம் இல்லாமல் ஓர் அணியும் நகர்ந்திருக்க முடியாது. போர் முடிந்தபின் அமெரிக்கர் இந்தியாவில் விட்டுச்சென்ற தளவாடங்களை அரசு ஏற்றுக்கொண்டு ஏலத்தில் விற்றது. நம் பெரியவர்கள் 'டிஸ்போசல் லாரி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வழியில் பல கைகள் மாறி, கடைசியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் உடைபடக் காத்திருந்த வண்டியை நம் பெரியவர் வாங்கினார். அப்போதே அதன் பெட்ரோல் எஞ்சின் போய், லேலண்டு டீசல் எஞ்சின் ஏறியிருந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்ட நம் எண்ணூர் ஆலையின் எஞ்சின் அது. "உடம்பு அமெரிக்கா, உசிரு எண்ணூர்" என்பார்.

இப்படிப்பட்ட வண்டிக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஒத்த அளவைத் தேடி அலைவார். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வார். கேஸ்கெட்டைத் தாளிலிருந்து தாமே வெட்டுவார். நம் ஊரின் உப்புக்காற்றோ பொறாமைக்காரனைப் போலக் கூடவே இருக்கிறது. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசிய இடத்தில் ஒரு மழைக்காலம் கழிந்தால் மறுபடியும் துரு. செப்பனிட்டு முடித்தாயிற்று என்று சொல்லும் நாள் ஒன்று வரவே வராது என்பதை அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அவர் மிகுந்த கவனம் செலுத்துவது இரும்புக்கயிற்றின் மேல்தான். ஆண்டுக்கொரு முறையாவது உருளையிலிருந்து முழுவதையும் அவிழ்த்து, டீசலில் நனைத்துத் துடைத்து, சாணளவாக விரல்களுக்கிடையே பார்த்துக்கொண்டே போவார். கந்தல் துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. அறுந்த இழைகள் ஓரிடத்தில் கூடிவிட்டால் அந்தக் கயிறு இழுப்பதற்கு லாயக்கில்லை. பார்வைக்குத் தடிமனாய் இருப்பதை நம்பி இழுத்தால், பாரம் ஏறியபின் அறுந்து சாட்டையாய்த் திரும்பும். எதிரில் இருப்பவரின் காலையோ உயிரையோ எடுத்துவிடும்.

வண்டியை வாங்கியபின் முன்பக்க வின்ச்சைப் பிரித்தபோது, உள்ளேயிருந்த வெண்கலப் பற்சக்கரத்தில் நான்கு பற்கள் நொறுங்கியிருந்ததைக் கண்டார். காரணமும் பக்கத்திலேயே இருந்தது. எஞ்சினின் சுழற்சியை வின்ச்சுக்குக் கொண்டுசேர்க்கும் தண்டில் 'ஷியர் பின்' என்று ஒரு சிறிய ஆணி உண்டு. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அதை வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்கிறார்கள். தாங்கத்தக்க அளவுக்கு மேல் பாரம் ஏறினால் முதலில் அது உடையும். உடைந்து, கயிற்றையும் பற்சக்கரத்தையும் சுற்றி நிற்கும் மனிதரையும் காப்பாற்றும். முந்தைய உரிமையாளர் எவரோ, அது அடிக்கடி உடைவதைப் பொறுக்கமாட்டாமல், அதன் இடத்தில் ஒரு ஹை டென்சில் போல்ட்டைப் போட்டிருந்தார். அந்தப் போல்ட் கீறல்கூட இல்லாமல் பளபளவென்றிருந்தது. அதற்குப் பின்னாலிருந்த அனைத்தும் பாழாகியிருந்தது. புதிய சக்கரம் வார்த்துப் பல் வெட்டுவதற்கு அவருக்கு ஓர் ஆண்டு ஓய்வூதியத்தின் பெரும்பகுதி செலவாயிற்று. அந்தப் போல்ட்டை இன்றும் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்.

இனி என் குற்றம்.

நம் சபையின் வாலிபர் ஒருவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்தவர். வாலிபர் முகாமுக்காகச் சேர்ந்த 18,000 ரூபாயை அவர் பொறுப்பில் கொடுத்திருந்தோம். வேலை குறைந்த ஒரு மாதத்தில், தவணை கட்டாவிட்டால் வண்டி பறிபோகும் என்ற நிலையில், அந்தப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார். திரும்ப வைத்துவிடலாம் என்று எண்ணி எவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது தனியே அழைத்துப் பேசியிருக்கலாம். நான் கூட்டத்தின் நடுவே, அவருடைய மனைவியும் இருந்த இடத்தில், கணக்கைக் கேட்டேன். அவர் தலை கவிழ்ந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. காணிக்கைப் பணத்தின் பரிசுத்தத்தைக் குறித்து நீண்ட நேரம் பேசினேன். பேசியது ஒவ்வொன்றும் சரியானது. அதனாலேயே அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன். ஒரு மாதத்தில் பணம் முழுவதும் திரும்பி வந்தது. அவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். தவறு செய்தவர் அல்லவா முதலில் வர வேண்டும் என்றும் நினைத்தேன். நான்கு மாதங்கள் அப்படியே கழிந்தன.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பெரியவரின் வீட்டில் ஜெபம் முடிந்து எழும்போது அவருக்குத் தொலைபேசி வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஆம்புலன்சுக்கு வழிவிட ஒதுங்கிய ஒரு டிரெய்லர், காலிப் பெட்டியோடு ஓரச் சேற்றில் ஒருபக்கமாய் அமிழ்ந்திருந்தது. அவருடன் நானும் சென்றேன். அங்கே அவர் முதலில் தம் வண்டியின் சக்கரங்களுக்குக் கட்டைகளை வைத்தார். இழுக்கிறவன் ஊன்றி நிற்காவிட்டால் சிக்கியவனோடு தானும் வழுக்கிப் போவான் அல்லவா? கயிற்றைப் பூட்டி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, எல்லாரையும் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் விலகச் சொன்னார். வின்ச் சுழன்றது. எஞ்சினின் குரல் கனத்தது. 'டக்' என்று ஒரு சிறிய ஓசை. உருளை நின்றுவிட்டது.

ஆணி உடைந்திருந்தது. நான் பதறினேன். இத்தனை ஆண்டு உழைப்பும் வீணாயிற்றோ என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். உள்ளே அதே போன்ற ஆணிகள் பத்துப் பதினைந்து.

"பாஸ்டர், அது உடையுறதுக்குன்னே வெச்சது. பதினைஞ்சு ரூபா ஆணி போச்சு. அது உடையாம இருந்திருந்தா கயிறு போயிருக்கும். கயிறு போனா அந்தப் பக்கம் ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற பையன் போயிருப்பான்."

பிறகு அவர் வின்ச்சைத் தொடவேயில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். சிக்கிய வண்டியின் பாரத்தைவிடச் சேற்றின் பிடிதான் பெரிது. சக்கரத்தின் முன்னாலிருக்கும் சேற்றை வழித்துப் பாதை திறந்தால் பாதி வேலை முடிந்தது என்றார். நானும் இறங்கினேன். சக்கரங்களுக்கு முன்னே பலகைகள் போட்டோம். டிரெய்லரில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியே செலுத்தி, நுனியைத் திரும்பத் தம் வண்டியிலேயே கட்டினார். இப்படிச் செய்தால் இழுக்கும் வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகும்; வேகம் பாதியாகும். வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிற வித்தை அது. புதிய ஆணியைச் செருகி, கயிற்றின் தொய்வை வெட்டி இழுக்காமல் மெல்ல மெல்ல எடுத்தார். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெரிய வண்டி, தானே எழுந்து வருவதைப் போல ஓசையின்றிச் சாலைக்கு வந்தது.

வீடு திரும்பியபின் மறுநாள் பிரசங்கக் குறிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ஓய்வுநாளிலே துரவில் விழுந்த எருதை எவரும் மறுநாள்வரை விட்டுவைப்பதில்லை என்று ஆண்டவர் பரிசேயருக்கு நினைவூட்டியதை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நான் ஒரு மனிதரை நான்கு மாதங்கள் விட்டுவைத்திருந்தேன். அதற்கு முன்பு அவரை மீட்கிறேன் என்று எண்ணிக்கொண்டு வெட்டி இழுத்திருந்தேன். சேற்றில் இறங்கவில்லை, தவணை என்ன, வேலை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைய வேண்டிய இடத்தில் நான் உடையவில்லை. என்னில் கீறல்கூட விழவில்லை. நொறுங்கியது எனக்குப் பின்னாலிருந்த அவருடைய வீடு. சுவரில் தொங்கிய அந்தப் போல்ட் நான்தான் என்று கண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை துறைமுகத்துக்குக் காத்திருந்த லாரிகளின் வரிசையில் அவருடைய வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். படியில் ஏறிக் கதவைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். "தம்பி, கணக்குக் கேட்டது என் கடமை, உங்களை எல்லார் முன்பும் நிறுத்தியது என் பாவம். என்னை மன்னியுங்கள்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்கிலிருந்த டீயை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். முன்னே நின்ற லாரிகள் அசைந்தபோது, "வரிசை நகருது பாஸ்டர், பார்த்து இறங்குங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. இதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரைக் கண்டால் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்க வேண்டாம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன் பட்டறையில் இரும்புக்கயிற்றைத் துடைத்து மறுபடி உருளையில் சுற்றும் வேலை இருந்தது. தொய்வாகச் சுற்றினால் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கயிறு நசுங்கும். ஆகவே மறுமுனையில் ஒரு வண்டியைக் கட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி ஒருவர் உடன் வர வேண்டும். பெரியவர் யாரை அழைத்தார் என்று நான் கேட்கவில்லை. நான் போனபோது அந்தத் தம்பி தம் லாரியின் ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்திருந்தார். கயிறு விறைப்பாக, அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. நான் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்பானவர்களே, நம் ஒவ்வொருவருக்கும் இழுத்துக் கரைசேர்க்க வேண்டியவர் ஒருவராவது இருக்கிறார்: பேசாமல் போன மகன், பிரிந்த உடன்பிறப்பு, படி ஏற மறுக்கும் அயலார். நம் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தின் பலத்தோடு இழுக்கப் புறப்படுமுன், நம்மில் உடையக்கூடிய ஆணி இருக்கிறதா என்று பார்ப்போம். திருவிருந்தில் நாம் பெறும் அப்பமும் பிட்கப்பட்ட பின்பே நம் கைக்கு வருகிறது.

ஜெபம்: மீட்பராகிய ஆண்டவரே, எங்களை மீட்கும்படி நீர் நொறுக்கப்பட்டீர். நாங்கள் நொறுங்க மறுத்ததால் காயப்பட்டவர்களை இன்று எங்களுக்கு நினைவூட்டும். அவர்கள் இருக்கும் இடத்துக்கு இறங்கிப் போகும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்