கோட்லாவில் நான்காம் நாள்

காலை ஏழரை மணி. மயூர் விஹார் பூங்காவில் நடைப்பயிற்சி முடிந்து சிமெண்ட் பெஞ்சுகளில் தமிழ் களைகட்டுகிறது. ஆறு பேர். மத்திய அரசு, வங்கி, பள்ளிக்கூடம் என்று தில்லியில் முப்பது நாற்பது வருடம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள். மூட்டுவலி, பென்ஷன், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் கிரிக்கெட்டில் வந்து நிற்கும்.

அவர்களில் மூத்தவருக்கு வயது 79. திருவல்லிக்கேணிக்காரர். 1968-ல் கீழ்நிலை எழுத்தராகத் தலைநகருக்கு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் நெல்லைக்காரர். அலுவலகத்தில் அடுத்த மேஜை. ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்திலும் அடுத்த இருக்கை. ஐம்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகும் ஒருவரையொருவர் "சார்" என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள்.

2022-ல் நெல்லைக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் முழுதாகத் திரும்பவில்லை. மனதில் இருக்கும் சொல் நாக்குக்கு வர நேரம் பிடிக்கிறது. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பெஞ்சில் இருப்பவர்கள் தவித்துப்போய், ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொடுத்து முடித்துவைப்பார்கள். உதவி செய்கிற எண்ணம்தான். ஆனால் கொஞ்ச நாளில் நெல்லைக்காரர் வாக்கியங்களைத் தொடங்குவதையே விட்டுவிட்டார். சிரிப்பார், தலையாட்டுவார். அவ்வளவுதான்.

2025 அக்டோபர் முதல் வாரம். வெஸ்ட் இண்டீசுடன் தில்லி டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர்தான் சண்டையை ஆரம்பித்துவைத்தார்.

"டெஸ்ட் மேட்ச் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு சார். அஞ்சு நாள் வெயில்ல உட்கார யாருக்கு நேரம் இருக்கு? ஐ.பி.எல். பாருங்க, ராத்திரி சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுடுது."

"எங்க முடியுது? பதினொன்றரை மணி வரைக்கும் இழுக்கறான். லேட்டா பந்து போட்டதுக்காக கேப்டனுக்கு ஃபைன் வேற. அதுல மட்டும் எல்லா டீமும் ஒத்துமை" என்றார் மூத்தவர்.

மேனேஜர் விடவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் தன்னை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போன கதையை எடுத்தார். அமெரிக்காவிலும் இதே புகார்தான். பந்து எறிபவர் தொப்பியைச் சரிசெய்வார், மட்டையாளர் கையுறையைக் கழற்றி மாட்டுவார், ஆட்டம் நகராது. 2023-ல் மேஜர் லீகில் கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஓட்டக்காரர்கள் யாரும் தளத்தில் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் பந்து எறிய வேண்டும். முந்தைய வருடம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் பிடித்த ஆட்டம் அந்த வருடம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. கிரிக்கெட்டும் அந்த வழியில்தான் போகிறது. ஒரு ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்த ஓவர் தொடங்க வேண்டும் என்ற கடிகாரம் முதலில் ஒரு நாள் ஆட்டங்களுக்கு வந்தது. 2025-ல் டெஸ்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை எதிரணிக்கு 5 ரன் தானம்.

மூத்தவர் கொதித்து எழுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டுக்காகத் தீபாவளி ஷாப்பிங்கையே தள்ளிப்போட்டவர் அவர். ஆனால் அவர் கட்சி மாறிவிட்டார்.

"கடிகாரம் வெக்கட்டும். நல்லதுதான். நிதானமா ஆடறது வேற, வேலையைப் போட்டுட்டு நிக்கறது வேற" என்றார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். நட்கர்னி.

1964 ஜனவரி. சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியம். அப்போது மூத்தவருக்கு 17 வயது. இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி இடது கையால் சுழற்பந்து போட்டுக்கொண்டிருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாறு மெய்டன் ஓவர் போன பிறகு கூட்டம் விரல்விட்டு எண்ணத் தொடங்கியது. தொடர்ச்சியாக 21 மெய்டன். ரன்னே கொடுக்காத பந்துகள் 131. அந்த இன்னிங்சில் 32 ஓவரில் 27 மெய்டன், கொடுத்த ரன் 5. விக்கெட் ஒன்றுகூட இல்லை.

"இதைவிடப் போரடிக்கிற கிரிக்கெட் உண்டா?" என்பார் மேனேஜர் வழக்கம்போல. "போரடிச்சதுன்னு யார் சொன்னா? அந்த 131 பந்தும் போட அவருக்கு ஆன நேரம் 114 நிமிஷம். மறுமுனையிலயும் அத்தனை ஓவர் போட்டாங்க. ரெண்டையும் சேர்த்தா நாப்பது ஓவருக்கு மேல. இன்னைக்கு மணிக்கு 15 ஓவர் போடறதுக்கே மூச்சு வாங்கறாங்க. அந்தக் கணக்குல 114 நிமிஷத்துல முப்பது ஓவர்கூடத் தேறாது. அன்னைக்கு ரன்தான் வரலை. ஆட்டம் நிக்கலை."

இதே மனிதர்தான் 1983 அக்டோபரில் கோட்லாவில் உட்கார்ந்து, கவாஸ்கர் மார்ஷலையும் ஹோல்டிங்கையும் விளாசித் தள்ளுவதைப் பார்த்துக் கைதட்டியவர். 94 பந்தில் சதம். பிராட்மனின் 29 சதங்களைக் கவாஸ்கர் எட்டிப்பிடித்த நாள். எட்டு வருடம் முன்பு, 1975 உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்து நாட்டையே கடுப்பேற்றியதும் அதே கவாஸ்கர்தான். "ஆளுக்கு ஒரு வேகம்னு எழுதி வெச்சிருக்கா என்ன? நாளைப் பொறுத்தது" என்பது மூத்தவரின் கட்சி.

கோட்லா நினைவுகள் என்று தொடங்கினால் அவருக்கு முடிவு கிடையாது. 1969-ல் பேடியும் பிரசன்னாவும் ஆளுக்கு ஐந்து விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 107 ரன்னில் சுருட்டியது அவர் தில்லியில் பார்த்த முதல் டெஸ்ட். 1999 பிப்ரவரி 7 ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தான் விக்கெட் விழாமல் 101 ரன் எடுத்திருந்தது. இருவரும் கிளம்பிவிடலாமா என்று யோசித்தார்கள். நெல்லைக்காரர்தான், "டீ வரைக்கும் பாப்போம் சார்" என்றார். அதற்குப் பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை. கும்ப்ளே பத்து விக்கெட்டும் எடுத்தார். ஒன்பது விழுந்ததும் மறுமுனையில் ஸ்ரீநாத், தவறிக்கூட விக்கெட் விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்டம்புக்கு வெகு தூரம் விலக்கிப் பந்து போட்டார். அந்த ஓவர் முழுக்க நெல்லைக்காரர் மூத்தவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்தது என்று மூத்தவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

2015 டிசம்பரிலும் இருவரும் போனார்கள். தோல்வியைத் தவிர்க்க தென்னாப்பிரிக்கா கட்டை போட்ட டெஸ்ட் அது. நான்காம் நாள் முடிவில் 72 ஓவரில் 72 ரன். "ஓவருக்கு ஒண்ணு. ரேஷன் கடை மாதிரி அளந்து போடறான்" என்று நெல்லைக்காரர் சொல்ல, சுற்றியிருந்த பஞ்சாபிகளுக்கும் அதை இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆம்லா 244 பந்தில் 25. டி வில்லியர்ஸ் 297 பந்தில் 43. அதே வருடம் ஜனவரியில் ஒரு நாள் ஆட்டத்தில் 31 பந்தில் சதம் அடித்து உலக சாதனை செய்தவர் இந்த டி வில்லியர்ஸ். ஐந்தாம் நாள் அஸ்வின் அவர் விக்கெட்டை எடுத்தபோது இருவரும் எழுந்து நின்றார்கள். கைதட்டியது அஸ்வினுக்கு மட்டுமல்ல.

அந்த டெஸ்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கோட்லாவுக்குப் போகவில்லை. முதலில் கொரோனா குறுக்கே வந்தது. பிறகு பக்கவாதம். 2023 பிப்ரவரியில் புஜாராவின் 100-வது டெஸ்ட் கோட்லாவில் நடந்தபோது மூத்தவர் வீட்டிலேயே டிவியில் பார்த்தார். "அவர் இல்லாம போய் யார்கிட்ட பேசறது?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ஆட்டமும் மூன்றாம் நாளே முடிந்துபோனது.

இந்த முறை மூத்தவரின் பேரன் மூன்று டிக்கெட் வாங்கிவந்தான். குருகிராமில் வேலை பார்க்கும் 22 வயதுப் பையன். நான்காம் நாள், அக்டோபர் 13, திங்கட்கிழமை. நெல்லைக்காரரின் மருமகளுக்கு மனதில்லை. படிக்கட்டு, வெயில், கழிப்பறை என்று காரணங்களை அடுக்கினாள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். நெல்லைக்காரர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய வெள்ளைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டார்.

மெட்ரோவில் மண்டி ஹவுஸ் போய் வண்டி மாறி தில்லி கேட்டில் இறங்கினார்கள். ஸ்டேடியத்துக்கு 2019-லிருந்து அருண் ஜேட்லி பெயர். இருவருக்கும் அது இன்னும் கோட்லாதான். வாசலிலிருந்து இருக்கைக்குப் போகவே அரை மணி ஆயிற்று. ஒவ்வொரு படியாக ஏறினார் நெல்லைக்காரர். பின்னால் வந்தவர்கள் 'உச்' கொட்டினார்கள். பேரன் அவர்களை முதலில் போகச் சொல்லி ஒதுங்கி நின்றான்.

ஃபாலோ ஆன் வாங்கிய வெஸ்ட் இண்டீஸ் மறுபடி ஆடிக்கொண்டிருந்தது. கேம்பெல் 115, ஹோப் 103. அதன் பிறகு விக்கெட்டுகள் சரிந்து 311-க்கு ஒன்பது விழுந்தன. பேரன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். ஆனால் கடைசி ஜோடி கிரீவ்சும் சீல்சும் அசைய மறுத்தார்கள். ஐந்து ஓவர், பத்து ஓவர், பதினைந்து ஓவர். ஆடுகளத்தில் உயிரே இல்லை. கூட்டம் நெளிந்தது.

"எப்ப தாத்தா முடியும் இது?" என்றான் பேரன், போனைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் நெல்லைக்காரர் வாயைத் திறந்தார். "இன்னைக்கு..." என்றார். பிறகு நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. "என்ன நெல்லைத் தாத்தா, தண்ணி வேணுமா? பாத்ரூமா?" என்று பேரன் பதறினான். மூத்தவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓவர் முடிந்து பந்து கைமாறியது. ஃபீல்டர்கள் இடம் மாறினார்கள். அடுத்த ஓவரின் முதல் பந்து. இரண்டாவது பந்து.

"இன்னைக்கு... நீங்க இன்னும்... நட்கர்னி... கதை... சொல்லலையே... சார்."

மூத்தவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏதோ முதல் முறையாகச் சொல்வதுபோல, "1964 ஜனவரி. எனக்குப் பதினேழு வயசு" என்று ஆரம்பித்தார். நட்கர்னி ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து அதன் மேலேயே பந்து விழும்படி பழகுவாராமே, அது வரைக்கும் சொன்னார். பேரன் போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டான். கடைசி ஜோடி 79 ரன் சேர்த்துவிட்டுத்தான் பிரிந்தது.

இந்தியாவுக்குத் தேவை 121. அன்று மாலை ஒரு விக்கெட் இழப்புக்கு 63. நம்மூர் சாய் சுதர்சன் களத்தில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை மிச்சத்தை எடுத்து இந்தியா ஏழு விக்கெட்டில் ஜெயித்தது. அதை இருவரும் நெல்லைக்காரர் வீட்டு டிவியில் பார்த்தார்கள். மருமகள் காபி கொடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் பூங்காவில் மூத்தவர் ஒரு விதியை அறிவித்தார். நெல்லைக்காரர் பேச ஆரம்பித்தால் யாரும் சொல் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒரு ஓவர் ஆனாலும் சரி, இரண்டு ஓவர் ஆனாலும் சரி, காத்திருக்க வேண்டும். இரண்டு தடவை எச்சரிக்கை. மூன்றாவது தடவை எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

முதல் வாரத்திலேயே வங்கி மேனேஜர் இரண்டு முறை டீ வாங்கித் தந்துவிட்டார். இப்போது அவரும் பழகிக்கொண்டு வருகிறார். நெல்லைக்காரர் வாக்கியத்தைத் தொடங்கினால் கைக்கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.