மாத்திரை

இலக்கணம் பயில்வோர்க்கு மாத்திரை என்பது ஓர் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நாம் முதலிற் கற்கும் பாடம். மருந்துக் கடையில் விற்கும் வில்லைக்கும் அப்பெயரே வழங்குகின்றது. அது மிகப் பொருத்தமே என்பதை அமாக்ஸிஸிலின் என்னும் மருந்தைப்பற்றிப் படித்தபின் உணர்ந்தேன்.

1928-ஆம் ஆண்டில் இலண்டனில், பூஞ்சைக்காளான் படர்ந்த இடத்தின் அருகே கிருமிகள் அழிந்திருக்கக் கண்டார் அலெக்ஸாண்டர் பிளெமிங். அங்ஙனம் அறியப்பட்ட பெனிசிலினின் வழித்தோன்றலே அமாக்ஸிஸிலின். 1972-ல் வழக்கிற்கு வந்தது. '625' என்னும் எண்ணோடு விற்கப்படும் மாத்திரையில் இஃது 500 மில்லிகிராமும், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் உள.

பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி வாழ்வது. அது வளருந்தோறும், கொத்தர் கல்லோடு கல் பிணைத்தல்போலச் சில புரதங்கள் அச்சுவரின் இழைகளைப் பிணைக்கின்றன. அமாக்ஸிஸிலின் அப்புரதங்களைப் பற்றி வேலை நிறுத்துகின்றது. சுவர் வலியிழக்க, நீர் உட்புக, கிருமி வெடித்து மாய்கின்றது. மனித உயிரணுக்களுக்கு இத்தகைய சுவர் இல்லை. ஆதலின் அவை இத்தாக்குதலுக்குத் தப்புகின்றன. ஆயினும், சில பாக்டீரியாக்கள் மருந்தையே சிதைக்கும் நொதி ஒன்றைச் சுரக்கின்றன. கிளாவுலானிக் அமிலம் அந்நொதியைப் பற்றி முடக்கிவிட, அமாக்ஸிஸிலின் தன் தொழிலை முடிக்கின்றது.

நிற்க. சென்ற மழைக்காலத்தில் எனக்குத் தொண்டையிற் சீழ்கொண்டு சுரம் கண்டது. மருத்துவர் இம்மருந்தை நாளொன்றுக்கு இரண்டாக ஏழு நாட்களுக்கு எழுதித் தந்தார். மூன்றாம் நாள் சுரம் தணிந்தது. அன்றிரவு, ஜலதோஷத்தால் வருந்திய என் அறைத்தோழர், "உமக்குத்தான் குணமாயிற்றே, எனக்கு இரண்டு தாரும்," என்றார். உண்டியும் உடையும் பகிர்ந்துகொள்ளும் விடுதியில் மறுத்தல் எளிதன்று. எனினும் மறுத்தேன். ஜலதோஷம் வைரஸால் வருவது. வைரஸுக்கு அச்சுவரே இல்லை. எனவே இம்மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை. மேலும், பெனிசிலின் இனம் சிலர் உடலுக்கு ஒவ்வாது உயிர்க்கே இடர் விளைப்பதும் உண்டு. இவற்றைக் கூறியும் தோழர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிளெமிங் 1945-ல் நோபெற் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக் காட்டினார். தொண்டை நோவுற்ற ஒருவன் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாக உட்கொள்கின்றான். அவ்வளவு கிருமிகளைக் கொல்லாது, மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடுகின்றது. அவை அவன் மனைவியைப் பற்றுகின்றன. அவளுக்கு அம்மருந்து பயன்படாமற் போக, அவள் இறக்கின்றாள்.

செய்யுளில் மாத்திரை பிறழ்ந்தால் ஓசை கெடும், எழுதினவன் திருத்திக்கொள்வான். மருந்தில் மாத்திரை பிறழ்ந்தால், அதன் பயனை அனுபவிப்பவர் நாம் அறியாத பிறராகவும் இருக்கலாம். ஆகையால், நண்பர்களே, மருத்துவர் குறித்த நோய்க்கு, குறித்த அளவில், குறித்த நாள்வரை உண்போமாக.